ஊடுபுள்ளிக் கணிதம்

நீர்வேலியில் புதிதாக வாழை வைக்கிற தறையில் முதல் வேலை கயிறு பிடிப்பது. ஒரு கரையில் முளை அடித்து மறு கரைக்குக் கயிற்றை இழுத்துக் கட்டுவார்கள். அளவுத் தடியை வைத்து வைத்துக் குட்டி நடும் கிடங்குகளுக்கு அடையாளம் போடுவார்கள். ஒரு வரி முடிந்ததும் கயிறு அடுத்த வரிக்கு நகரும். அந்த வரியின் முதற் கிடங்கு முந்திய வரியின் முதற் கிடங்குக்கு நேரே விழும். குறித்து முடிந்த தறை, செம்மண்ணில் விரித்த பெரிய சதுரக்கோட்டுத் தாள் போலக் கிடக்கும்.

இரண்டாவது வரியை அரைத் தூரம் தள்ளித் தொடங்கினால் என்ன நடக்கும்? இந்த ஒரு கேள்வியின் பின்னால் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்கவே இதை எழுதுகிறேன்.

மரத்துக்கு மரம் ஏழரை அடி என்று வைத்துக்கொள்வோம். சதுர நடுகையில் ஒரு வாழைக்கு ஏழரை அடியில் நான்கு அயல் வாழைகள் உண்டு. மூலைவிட்டப் பக்கம் உள்ள வாழை பத்தரை அடிக்கும் அப்பால் நிற்கும். நான்கு வாழைகளுக்கு நடுவே தேவைக்கு மிஞ்சிய வெளி ஒன்று எப்போதும் கிடக்கிறது. வரியைத் தள்ளித் தொடங்கினால் இரண்டாம் வரி வாழை, முதல் வரியின் இரண்டு வாழைகளுக்கு இடைப்பட்ட அந்த வெளியை நோக்கி நெருங்கி வரலாம். எந்த இரண்டு மரத்துக்கும் ஏழரை அடி குறையாமலே, வரிக்கு வரி உள்ள தூரம் ஏழரையிலிருந்து ஆறரை அடிக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு வாழைக்கும் இப்போது ஒரே தூரத்தில் ஆறு அயல். ஓர் ஏக்கரில், அதாவது பதினாறு பரப்பில், சதுரமாக நட்டால் ஏறத்தாழ 774 குட்டிகள். தள்ளி நட்டால் ஏறத்தாழ 894. கரையோரங்களில் கொஞ்சம் கழிந்துபோனாலும் நூற்றுக்குப் பதினைந்து என்பது பெரிய ஆதாயம்.

இதற்கு மேல் நெருக்க முடியாது என்பதும் நிறுவப்பட்டிருக்கிறது. ஒழுங்கான அடுக்குகளுக்குள் இதுவே மிக நெருக்கமானது என்பதை 1773 இல் கணித அறிஞர் லக்ராஞ்சு காட்டினார். ஒழுங்கில்லாமல் எப்படி வைத்தாலும் இதை மிஞ்ச முடியாது என்பதற்கு அக்செல் தூ என்ற நோர்வே நாட்டவர் 1890 இல் தொடங்கிய நிறுவலை, 1940களில் ஹங்கேரியின் லாஸ்லோ ஃபெயெஸ் தோத் நிறைவு செய்தார். பார்த்த மாத்திரத்தில் உண்மை என்று தோன்றும் ஒன்றை நிறுவ ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்திருக்கிறது.

பிறகு ஏன் நேராக நடுகிறார்கள்? இதை ஒரு தோட்டக்காரரிடம் கேட்டேன். "அண்ணை, ஒரு வரி விட்டு ஒரு வரி தள்ளி வைச்சா இன்னும் கொஞ்சம் குட்டி வைக்கலாமெல்லோ?" அவர் யோசிக்கவே இல்லை. "வைக்கலாம் தம்பி. ஆனா தண்ணி நேராத்தானே ஓடும். வாய்க்காலை வளைச்சு வளைச்சு வெட்டிக்கொண்டு இருக்கேலுமே?" கிணற்றிலிருந்து இறைக்கிற தண்ணீர் வாய்க்காலால் வந்து பாத்தி பாத்தியாகப் பிரிய வேண்டும். பாத்தி நாற்சதுரமாக இருந்தால்தான் கட்டவும் திறக்கவும் இலகு. குலை வெட்டிச் சுமந்து வரவும் நேரான வழி வேண்டும். அவருடைய சதுரத்துக்குப் பின்னால் யோசனை இருக்கிறது. தண்ணீரை முன்னால் வைத்து யோசித்தவருக்குச் சதுரம் கிடைத்தது. இடத்தை மட்டும் முன்னால் வைத்து யோசிப்பவருக்கு முக்கோணம் கிடைக்கும்.

தோட்டக்காரர் இரண்டையும் அறிந்து ஒன்றைத் தேர்ந்தார். நம்முடைய பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வே கொடுக்கப்படுவதில்லை என்பதுதான் என்னுடைய கவலை. பள்ளிக்கூடம் தொடங்கியதும் கையில் சதுரக்கோட்டுக் கொப்பி. பெருக்கலைப் புள்ளிகளின் நேர் வரிசைகளாகப் பார்க்கிறார்கள். பரப்பளவைச் சதுரங்களை எண்ணிப் பழகுகிறார்கள். பிறகு வரைபுத்தாள், செங்குத்தான இரண்டு அச்சுகள். க.பொ.த. சாதாரண தரம் முடிக்கிறபோது, வெளி என்பதே சதுரங்களால் ஆனது என்ற எண்ணம் மனதில் ஊறிவிடுகிறது. தெசலாக்கம் என்ற பாடத்தில் முக்கோணியும் அறுகோணியும் தரையை நிரப்பும் என்று ஒருமுறை வருகிறது. அதைக் கொண்டு எதையும் நிறுவிப் பார்க்காமல் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆள்கூற்று முறைக்கு வித்திட்ட டேக்கார்ட்டின் 1637 ஆம் ஆண்டு நூலில் அச்சுகள் செங்கோணத்தில்தான் சந்திக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. தேவைக்கேற்றபடி அவர் சரிவான கோடுகளையும் எடுத்துக்கொண்டார். செங்கோணம் பிறகு வந்து நிலைத்த வழக்கம்.

யாழ்ப்பாணத்துப் பொங்கல் முற்றமும் சதுரத்தின் பக்கம்தான். சாணத்தால் மெழுகிய நிலத்தில் உலக்கையைக் கிடத்தி, அதன் ஓரமாக அரிசி மாவைத் தூவி எடுத்தால் நேர்கோடு விழும். நான்கு பக்கமும் அப்படிப் போட்டு நடுவில் அடுப்பு வைப்பார்கள். புள்ளிக் கோலம் அதற்குப் பக்கத்தில் வேறொரு உலகம். தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளிலும் கோலப் புத்தகங்களிலும் அதற்கு இரண்டு பெரிய வகைகள் சொல்லியிருக்கும்: நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி. இடைப்புள்ளி, சந்துப்புள்ளி என்றும் சொல்வார்கள். நேர்ப்புள்ளியில் வரிசைகள் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று வரும். ஊடுபுள்ளியில் இரண்டு புள்ளிகளின் இடைவெளிக்குக் கீழே அடுத்த வரிசைப் புள்ளி விழும். தோட்டக்காரர் வேண்டாம் என்று விட்ட அந்த அரைத் தூரத் தள்ளலைத்தான் வாசலில் குனிந்து நிற்கும் பெண் அளவுத் தடியும் கயிறும் இல்லாமல் விரல் நுனியால் வைக்கிறாள்.

கோலப் புத்தகத்தின் குறிப்பு மிகச் சுருக்கமானது. "ஊடுபுள்ளி, 7 புள்ளி, 4 வரை." நடு வரிசையில் ஏழு புள்ளி, மேலும் கீழும் 6, 5, 4 என்று குறைத்து நிறுத்த வேண்டும். கிடைப்பது ஓர் அறுகோணி, பக்கத்துக்கு நான்கு புள்ளி. மொத்தம் எத்தனை புள்ளி? 7 உடன் 6, 5, 4 இன் இரட்டிப்பைக் கூட்டினால் 37. இதே முறையில் 3 புள்ளி 2 வரை என்றால் 7. 5 புள்ளி 3 வரை என்றால் 19. ஒற்றைப் புள்ளியையும் சேர்த்து வரிசைப்படுத்தினால் 1, 7, 19, 37. இப்போது ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். 1. 1 உடன் 7 சேர்ந்தால் 8. 19 சேர்ந்தால் 27. 37 சேர்ந்தால் 64. எல்லாம் கன எண்கள்: 1, 2, 3, 4 ஆகியவற்றின் மூன்றாம் அடுக்குகள். அடுத்தது 9 புள்ளி 5 வரை, 61 புள்ளி, கூட்டினால் 125.

தட்டையான அறுகோணிகளைக் கூட்டினால் ஏன் சதுரமுகி வரவேண்டும்? அட்சரகணிதத்தில் இரண்டு வரியில் காட்டிவிடலாம். ஆனால் காட்டி முடிந்த பிறகும் மனம் அமைதியடையாது. அமைதியடைய வேண்டுமானால் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு நான்கு மணிகள் வீதம் 64 மணிகளால் ஒரு சதுரமுகியைக் கட்டியிருப்பதாக நினையுங்கள். அதன் ஓர் உச்சிக்கு நேரே கண்ணை வைத்துப் பாருங்கள். மூன்று முகங்கள் தெரியும். அவற்றின் வெளி விளிம்பு அறுகோணியாகத் தெரியும். முகத்துக்கு 16 மணி, மூன்று முகத்துக்கு 48. மூன்று விளிம்புகளை இருமுறை எண்ணியிருக்கிறோம், ஆகவே 12 ஐக் கழிக்க வேண்டும். நடு உச்சி அதனால் முற்றாக விடுபட்டுப் போகிறது, 1 ஐச் சேர்க்க வேண்டும். 37. கண்ணுக்குத் தெரியும் அந்த 37 மணிகளும் "7 புள்ளி 4 வரை" கோலத்தின் 37 புள்ளிகளாகவே அமர்ந்திருக்கும். அந்த மேலோட்டை உரித்து எடுத்தால் உள்ளே பக்கத்துக்கு மூன்று மணியுள்ள சதுரமுகி. அதன் ஓடு 19. அதையும் உரித்தால் 7. கடைசியில் ஒற்றை மணி. சதுரக்கோட்டுத் தாளில் இந்தக் காட்சியை எவ்வளவு முயன்றாலும் ஒழுங்காக வரைய முடியாது; ஊடுபுள்ளியில் அது தானாக வந்து உட்காருகிறது. வாசலில் போட்ட அறுகோணக் கோலத்தையே சில நேரம் கண் ஒரு பெட்டியின் மூலையாகக் கண்டுகொள்வதும் இதனால்தான்.

இதைத் தமிழ் நிலத்திலேயே ஆராய்ச்சியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரிதிவாசனும் சேர்ந்து 1974 இல் கோலங்களைக் கணினி அறிவியலின் முறைசார் மொழிக் கோட்பாட்டின் கண்ணால் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியங்களுக்கு இலக்கணம் எழுதுவதுபோல, வரிசையும் நிரலுமாக அமைந்த புள்ளிப் படங்களுக்கு இலக்கணம் எழுதினார்கள். இரண்டு வருடம் கழித்து, 1976 இல், கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் அடுத்த அடி வைத்தார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் "அறுகோண அணிகளும் செவ்வகக் கட்டிகளும்" என்று வரும். முக்கோணப் புள்ளிவலையில் அமைந்த அறுகோண அணிகளை, முப்பரிமாணக் கட்டிகளின் தட்டையான தோற்றமாக எடுத்துக்கொண்டு இலக்கணம் அமைத்தார்கள். சற்று முன் மணிகளை வைத்து நாம் பார்த்த உறவு அங்கே முறையான கணிதமாக நிற்கிறது. அதே கல்லூரி வழியில் கே. ஜி. சுப்பிரமணியன் அறுகோண அணி இலக்கணங்களை மேலும் வளர்த்தார். கிஃப்ட் சிரோமணி 1988 இல் மறைந்தார், ராணி சிரோமணி 2019 இல். வெளிநாட்டுக் கணிதச் சஞ்சிகைகள் இவர்கள் பெயரைக் குறிப்பிடுகிற அளவுக்குத் தமிழ்ச் சிறுபத்திரிகைகள் குறிப்பிட்டதில்லை. நம்முடைய இலக்கிய ஏடுகளில் கணிதத்துக்கு இருக்க வேண்டிய இடத்தைப் பற்றி இது நிறையச் சொல்கிறது.

கோலப் புத்தகங்களில் அடிக்கடி வரும் இன்னொரு குறிப்பு "15 புள்ளி, 8 வரை". பெரிய விசேஷங்களுக்குரிய கோலம். அதன் புள்ளிகளை எண்ணினால் 169. இது 13 இன் வர்க்கம். அதாவது அறுகோணமாக இருக்கும் இந்த ஊடுபுள்ளிகளை அப்படியே அள்ளி எடுத்து, ஒன்றுகூட மிஞ்சாமல் குறையாமல், 13 க்கு 13 நேர்ப்புள்ளிச் சதுரமாக வைக்கலாம். இப்படி இரண்டு வடிவத்துக்கும் சரிவரும் அறுகோணங்கள் மிக அரிது. ஒற்றைப் புள்ளியை விட்டால் இதுதான் முதலாவது. அடுத்தது வேண்டுமென்றால் நடு வரிசையில் 209 புள்ளி வைத்துத் தொடங்க வேண்டும். மொத்தம் 32761, அது 181 இன் வர்க்கம். எந்த முற்றமும் அதற்குப் போதாது.

இந்த அரிய எண்களைத் தேடும் வழி இந்தியக் கணிதத்தின் பழைய வழி. 13 இன் இரட்டிப்பு 26. அதன் வர்க்கம் 676. நடு வரிசை 15. அதன் வர்க்கம் 225, மும்மடங்கு 675. வித்தியாசம் ஒன்று. ஒரு வர்க்கத்துக்கும் இன்னொரு வர்க்கத்தின் மும்மடங்குக்கும் இடையே சரியாக ஒன்று வித்தியாசம் வரும்படி முழு எண்களைத் தேடுவது பிரம்மகுப்தர் 628 இல் எடுத்துக்கொண்ட கேள்வியின் ஒரு வகை. 2, 1 என்ற சோடியில் தொடங்கி, அவர் காட்டிய பாவனா முறைப்படி ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டு போனால் 7, 4. பிறகு 26, 15 என்று வரும். 26 ஐ 15 ஆல் வகுத்தால் 3 இன் வர்க்கமூலத்துக்கு மிக அருகில் வரும். அதன் பாதி, பதினைந்தில் பதின்மூன்று, ஊடுபுள்ளி வரிசைகளுக்கிடையே உள்ள தூர விகிதம். தோட்டத்தில் ஏழரைக்கு ஆறரை என்று வந்ததும் இதே விகிதம்தான். இரண்டையும் இரட்டித்துப் பாருங்கள்.

இனி வர்க்கம் என்பதையே எடுப்போம். அதைச் சதுரத்தோடு சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். பக்கம் நான்கு அலகுள்ள சமபக்க முக்கோணியை வரைந்து, ஊடுபுள்ளிக் கோடுகளால் ஓரலகு முக்கோணிகளாகப் பிரியுங்கள். மேல் வரியில் 1, அடுத்ததில் 3, பிறகு 5, 7. மொத்தம் 16. ஒற்றை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் வர்க்கம் வரும் என்ற விதி, சதுரத்தின் பெயரே எடுக்காமல், ஒரு முக்கோணிக்குள் கிடக்கிறது. நான்கின் வர்க்கம் 16 என்பதற்குச் சதுரம் தேவைப்படவில்லை. எந்த வடிவத்தையும் நான்கு மடங்கு பெருப்பித்தால் பரப்பளவு பதினாறு மடங்காகும். சதுரம் அதில் ஓர் உதாரணம். இதை ஊடுபுள்ளித் தாளில் ஒருமுறை பார்த்த மாணவர் அதற்குப் பிறகு பரப்பளவைப் பற்றிப் பேசும்போது தொனியே மாறிவிடுகிறது.

இன்னும் ஒன்று. பக்கம் 8 உள்ள சமபக்க முக்கோணியின் அடிப்பக்கத்தில், ஒரு முனையிலிருந்து 3 அலகும் மறு முனையிலிருந்து 5 அலகும் உள்ள புள்ளியைக் குறியுங்கள். மேல் உச்சியிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு இழுங்கள். அதன் நீளம் சரியாக 7. முழு எண் 7, தசமம் எதுவும் இல்லாமல். பைதகரசின் தேற்றத்துக்கு 3, 4, 5 எப்படியோ, 60 பாகைக் கோணத்துக்கு 3, 8, 7 உம் 5, 8, 7 உம் அப்படி. 120 பாகைக்கு 3, 5, 7. செங்கோணத்தில் இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் போதும். 60 பாகையில் அவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து இரண்டு பக்கங்களின் பெருக்கத்தைக் கழிக்க வேண்டும்; 120 பாகையில் கூட்ட வேண்டும். 9 உம் 25 உம் 15 உம் சேர்ந்தால் 49. செங்கோணத்தை மட்டும் தெரிந்த மாணவருக்குப் பைதகரசின் தேற்றம் ஒரு தனி அதிசயம். முக்கோண வலையில் பழகியவருக்கு அது ஒரு குடும்பத்தின் நடுப் பிள்ளை.

ஊடுபுள்ளி வலையில் ஒரு புள்ளியில் நின்றுகொண்டு, குறிப்பிட்ட தூரத்தில் எத்தனை புள்ளிகள் உண்டு என்று கேட்டால் விடை இராமானுஜனின் நோட்டுப்புத்தகங்கள் வரை நம்மை அழைத்துப் போகும். தூரத்தின் வர்க்கத்தை எடுத்து அதன் காரணிகளை எல்லாம் எழுதுங்கள். 3 ஆல் வகுக்க மீதி 1 வரும் காரணிகள் எத்தனை, மீதி 2 வரும் காரணிகள் எத்தனை என்று பாருங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து ஆறால் பெருக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை கிடைக்கும். இந்த எண்ணிக்கைகளைக் குணகங்களாகக் கொண்ட முடிவிலித் தொடர் இராமானுஜன் கையாண்ட தொடர்களில் ஒன்று. 7 அலகு தூரத்துக்கு 49 இன் காரணிகள் 1, 7, 49. மூன்றும் மீதி 1. ஆகவே 18 புள்ளிகள். அவற்றில் ஆறு, நேர்கோட்டில் ஏழாவது புள்ளிகள். மற்றப் பன்னிரண்டும் 3, 5 என்று நடந்து சேரும் புள்ளிகள். தூரத்தின் வர்க்கம் 2 ஆக இருந்தால்? காரணிகள் 1 உம் 2 உம் ஒன்றையொன்று அடித்துவிடும். விடை பூச்சியம்.

அந்தப் பூச்சியத்தில் சற்று நிற்க வேண்டும். ஓரலகுச் சதுரத்தின் மூலைவிட்டம் 2 இன் வர்க்கமூலம். ஊடுபுள்ளி வலையில் அந்தத் தூரமே கிடையாது. பெரிதாக்கினாலும் பயனில்லை: ஊடுபுள்ளிகளை மட்டும் உச்சிகளாகக் கொண்டு எந்த அளவிலும் ஒரு சதுரம் வரைய முடியாது. காரணம் எளியது. அப்படி ஒரு சதுரம் இருந்தால் அதன் பக்கத்தின் வர்க்கம் முழு எண்ணாக இருக்கும், ஆகவே பரப்பளவும் முழு எண். மறுபக்கம், அந்த வலையில் உச்சிகளை வைத்த எந்த வடிவத்தின் பரப்பளவும் ஓரலகு முக்கோணிகளின் முழு மடங்கு. ஓரலகு முக்கோணியின் பரப்பளவோ 3 இன் வர்க்கமூலத்தின் கால்வாசி, விகிதமுறா எண். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. இதே நியாயத்தைத் திருப்பிப் போட்டால், நேர்ப்புள்ளிகளை உச்சிகளாகக் கொண்டு ஒரு சமபக்க முக்கோணி வரைய முடியாது. சதுரக்கோட்டுக் கொப்பியில் எத்தனை வருடம் வரைந்தாலும் அதன் சந்திப் புள்ளிகளில் ஒரு சமபக்க முக்கோணி ஒருநாளும் அகப்படாது.

ஒவ்வொரு வலைக்கும் அது காணவே முடியாத வடிவங்கள் உண்டு. ஒரே வலையோடு பிள்ளையை வளர்த்தால் அந்த வலையின் குருட்டிடம் பிள்ளையின் குருட்டிடமாகிவிடுகிறது. தனக்குத் தெரியாதது எது என்பதைச் சதுரத்தாள் தானாகச் சொல்லாது. அதைச் சொல்ல இன்னொரு வலை பக்கத்தில் இருக்க வேண்டும்.

அயல் என்பதிலும் இந்தக் குருட்டிடம் உண்டு. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் கிழக்கு இன்னார், வடக்கு இன்னார், மேற்கு ஒழுங்கை, தெற்கு இன்னார் என்று நான்கு எல்லை எழுதுவார்கள். நான்கு காணிகள் ஒரு மூலையில் முட்டும் இடத்தில், குறுக்கே எதிர்க் காணிக்காரர் உறுதியில் வரமாட்டார். அவர் அயலவரா இல்லையா? வேலி ஒன்றும் பொதுவில் இல்லை. ஆனால் மூலைக்கட்டை பொது. சதுரத்தில் இந்தக் கேள்விக்குத் தீர்ந்த விடை இல்லை. அறுகோணக் கட்டங்களில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே ஒரு மூலையில் மூன்று கட்டங்கள்தான் சந்திக்கும். மூலையைத் தொட்டால் எல்லையையும் பகிர்ந்தாக வேண்டும். 1942 இல் டென்மார்க்கின் பீற் ஹைனும் சில வருடங்கள் கழித்து அமெரிக்காவில் ஜோன் நாஷும் தனித்தனியே கண்டுபிடித்த ஹெக்ஸ் என்ற ஆட்டம் இந்தக் குணத்தின் மேல் நிற்கிறது. அறுகோணக் கட்டப் பலகையில் இருவர் மாறிமாறிக் காய் வைத்து, தம் இரு கரைகளையும் இணைக்க முயல்வார்கள். பலகை நிரம்பும்போது யாராவது ஒருவர் நிச்சயம் இணைத்திருப்பார்; சமநிலை கிடையாது. சதுரப் பலகையில் இருவரும் ஒருவரையொருவர் மறித்துவிடலாம். ஹெக்ஸ் ஆட்டத்தின் இந்த உண்மையும் உயர்கணிதத்தில் பிரபலமான பிரௌவரின் நிலைப்புள்ளித் தேற்றமும் ஒன்றிலிருந்து ஒன்று பெறக்கூடியவை என்று 1979 இல் டேவிட் கேல் காட்டினார். கட்டத்தின் வடிவத்தை மாற்றியதும் அவ்வளவு ஆழமான தேற்றம் ஒரு பலகையில் வந்து நிற்கிறது.

மேரு பிரஸ்தாரம் என்ற எண் முக்கோணியையும் விட்டுவிட மனமில்லை. பிங்கலரின் யாப்பு நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர், முதலில் ஒரு கட்டம் போட்டு, அதன் கீழே இருபுறமும் அரைக் கட்டம் வெளியே தள்ளும்படி இரண்டு கட்டம், அதன் கீழே அதேபோல் மூன்று என்று அமைக்கச் சொல்கிறார். மேலே உள்ள இரண்டையும் கூட்டிக் கீழே எழுத வேண்டும். ஏழு நூற்றாண்டுக்குப் பிறகு பாஸ்கல் இதே எண்களை நேரான நிரல்களும் வரிசைகளுமாக எழுதினார். பாஸ்கலின் கட்டத்தில் ஒளிந்துகொள்வது ஹலாயுதரின் தள்ளலில் வெளியே தெரிகிறது: உள்ளே உள்ள ஒவ்வோர் எண்ணைச் சுற்றியும் ஆறு எண்கள் அறுகோணமாக நிற்கின்றன. ஏழாம் வரிசையின் முதல் 15 ஐச் சுற்றி வாருங்கள்: 5, 10, 20, 35, 21, 6. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பெருக்கினால் 5, 20, 21 க்கு 2100. 10, 35, 6 க்கும் 2100. உள்ளே எந்த எண்ணை எடுத்தாலும் இப்படியே வரும். இதை ஹொகற், ஹான்செல் என்ற இருவர் 1971 இல் எழுதினார்கள். அரைக் கட்டம் தள்ளி எழுதிய ஏடு அதற்கு ஆயிரம் வருடம் முன்னரே இருந்தது.

கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். தவணைக்கு ஒரு பாடவேளையாவது ஊடுபுள்ளித் தாளைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. அடிமட்டமும் பென்சிலும் போதும். புள்ளிக்குப் புள்ளி 15 மில்லிமீற்றர், வரிக்கு வரி 13 மில்லிமீற்றர், ஒரு வரி விட்டு ஒரு வரி ஏழரை மில்லிமீற்றர் தள்ளுங்கள். பிழை ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பென்சில் முனையின் தடிப்பு அதைவிட அதிகம். முதற் கேள்வியாக அந்தத் தாளில் ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். முடியவில்லை என்று பிள்ளை சொன்னதும் விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். ஏன் முடியவில்லை என்று கேளுங்கள். வீட்டில் கோலம் போடத் தெரிந்த அம்மாவோ அம்மம்மாவோ இருந்தால் அவர்களிடமும் கேட்டு வரச் சொல்லுங்கள்.